அத்தை கொடுத்த குறிப்பு

ஒப்பாரி பாட வந்திருந்த காசி மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒப்பாரிக்கு வேண்டிய குறிப்பையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் பாஞ்சாலை அத்தை. ஜன்னல் வழியாக வேதா அதைப் பார்த்தாள். ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில், அம்மாவின் முகத்துக்கு நேரே படிந்திருந்த நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள்.

வெளியே போக முடியவில்லை. கலெக்டர் ஆபீஸ் பெண்கள் ஆறேழு பேர் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். வேதா அங்கே தட்டச்சர். துக்கத்துக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்தால் கூடச் சேர்ந்து அழத்தான் வேண்டும். கையை உதறிவிட்டு ஓடினால் அதை ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள். அவள் ஒவ்வொருத்தி தோளிலும் முகத்தை வைத்து அழுதாள். கண் மட்டும் ஜன்னலில் இருந்தது. அத்தை கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, தரையிலிருந்து இரண்டடி உயரம் காட்டினாள். தம்பி கலையரசன் அப்போது அவ்வளவு உயரம்தான் இருந்தான் என்று சொல்கிறாள். கதை பாதிக்கு மேல் வந்துவிட்டது என்று வேதாவுக்குத் தெரிந்துபோயிற்று.

முப்பது வருஷமாக அவள் கேட்டு வளர்ந்த கதை அது. அத்தை அதைக் கல்யாண வீட்டில் சொல்வாள், ரேஷன் கடை வரிசையில் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முகம் தெரியாதவளிடமும் சொல்வாள். நடந்தது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அத்தையின் தம்பி இருசப்பனின் பெண்டாட்டி மணியம்மாள், எட்டு வயதுப் பெண்ணையும் மூன்று வயதுப் பையனையும் விட்டுவிட்டு, ஒரு விடியற்காலையில் முதல் பஸ் ஏறிப் போய்விட்டாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அத்தை வாயில் அது அவ்வளவோடு நிற்காது. “பால் மறக்காத புள்ள” என்று எடுப்பாள். மூன்று வயதில் கலை பழைய சோற்றுக்கு ஊறுகாய் கேட்டு அடம் பிடிப்பவன். இருந்தாலும் அத்தையின் கதையில் அவன் பால் மறக்காதவன்தான். “மாத்துத் துணிகூட எடுத்துக்கினு போவலையே. எல்லாம் வாங்கித் தர ஆளு காத்துக்கினு இருந்தா எதுக்கு எடுக்கணும்?” என்பாள். பிறகு கொஞ்சம் நிறுத்துவாள். கேட்கிறவர்கள் “அடிப்பாவி” என்று சொல்வதற்கு இடம் விட்டு, அது வந்ததும் குரலை இறக்குவாள். “போனவ, கதவக்கூடச் சாத்தல.” அந்த இடத்தில் கண் கலங்காதவர்களை வேதா பார்த்ததில்லை. சின்ன வயதில் அவளே ஒவ்வொரு தடவையும் கலங்கியிருக்கிறாள், ஏதோ வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு நடந்ததைக் கேட்பதைப் போல.

யாரோடு போனாள் என்பதில் ஊரில் மூன்று கதைகள் இருந்தன. மூன்றும் அத்தையிடமிருந்து புறப்பட்டவைதான்.

அத்தையைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே தாலி அறுத்துத் தம்பி வீட்டுக்குத் திரும்பியவள். கலையைத் தூக்கி வளர்த்ததும், வேதாவுக்குப் பேன் பார்த்துப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவள்தான். அப்பா இருந்தவரை வீட்டில் வாய் திறந்து பேசமாட்டார். அம்மாவோடு அவர் நேராகப் பேசி வேதா பார்த்ததே இல்லை. குழம்பில் உப்பு இல்லையென்றால் அக்காவிடம் சொல்வார், அக்கா அதைச் சமையலறைக்கு எடுத்துப் போவாள். அம்மா சொன்ன பதிலையும் அக்காதான் திரும்பக் கொண்டுவருவாள். போகிற வழியில் உப்பு கொஞ்சம் கூடும், வருகிற வழியில் காரம் கொஞ்சம் கூடும். அந்த வீட்டில் எந்தச் சேதியும் அத்தையின் குரலில்தான் நடமாடியது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு மெஸ்ஸில், தட்டில் இட்லி வைத்த பொம்பளையை வேதா நிமிர்ந்து பார்த்தாள். மோவாயில் இருந்த மச்சத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முதுகைக் காட்டிப் போனவள், ஆள் காத்திருந்தவள், கதவைச் சாத்தாதவள் என்று அத்தை உருவாக்கிக் கொடுத்திருந்த அந்தப் பெரிய பொம்பளையை அந்த முகத்தில் தேடினாள். எதிரே நின்றவள் மெலிந்து, கையில் சுட்ட தழும்போடு, “சட்னி போதுமா?” என்று கேட்டாள். பிறகு அவளும் பார்த்தாள். கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அதற்குப் பிறகு அம்மா வருவதும் போவதுமாக இருந்து, சிறுநீரகம் கெட்டுப்போன இந்தக் கடைசிப் பதினோரு மாதம் வேங்கிக்காலில் வேதாவின் வீட்டோடு இருந்தாள். ஏன் போனாய் என்று வேதா கேட்கவில்லை. இன்று கேட்கலாம், டயாலிசிஸ் முடிந்து தெளிவாக இருக்கும்போது கேட்கலாம் என்று தள்ளிப்போட்டாள். அம்மா பேசுகிற ரகம் இல்லை. கீரை ஆய்வாள், பேத்தி கவியாவின் சட்டைக்குப் பித்தான் தைப்பாள், ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பாள். நேற்றுச் சாயங்காலம், யாரிடமும் எதையும் சொல்லாமல் போய்விட்டாள். இனி அவளைப் பற்றிச் சொல்ல உலகத்தில் இருப்பது அத்தையின் கதை ஒன்றுதான்.

அந்தக் கதைக்கு இன்றைக்கு முடிவு எழுதப்போகிறார்கள் என்பதுதான் வேதாவின் பயம். காலையில் ஊரிலிருந்து வேனில் அத்தையை அழைத்துக்கொண்டு வந்து இறங்கிய கலை, வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. எதிர்வீட்டு மதில் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நெல் அறுக்கிற வண்டி ஓட்டுகிறவன், வெயிலில் கறுத்த பெரிய உடம்பு. வேதா போய்க் கையைப் பிடித்தபோது விடுவித்துக்கொண்டான்.

“உனக்காகத்தான் வந்தேன்க்கா. அந்தம்மாக்கு நான் கொள்ளி வெக்கமாட்டேன். மாமாவ வெக்கச் சொல்லு.”

மாமா என்றது வேதாவின் புருஷன் பிரசாத்தை. மருமகன் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் அப்படி நடந்துவிட்டால் அத்தைக்கு வேறு என்ன வேண்டும்? கதவைச் சாத்தாமல் போனாள் என்பதோடு இத்தனை நாள் முடிந்த கதை, நாளையிலிருந்து இன்னும் ஒரு வரி நீளும்: “பெத்த புள்ளையே கொள்ளி வெக்கல.” அதற்கப்புறம் அந்தக் கதையை யாராலும் அசைக்க முடியாது. அந்த ஒரு வரியை அத்தைக்கு விட்டுவிடக் கூடாது என்று வேதா காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள்.

நேரமும் இல்லை. இன்றைக்குப் பௌர்ணமி. வேலூர் ரோடு முழுக்கக் கிரிவலத்துக்கு வருகிறவர்கள். தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போக அந்த ரோட்டைக் குறுக்கே கடந்தாக வேண்டும். மூன்று மணிக்கு மேல் கடக்கவிட முடியாது என்று போலீஸ்காரர் பிரசாத்திடம் கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது மணி ஒன்றரை.

ஆபீஸ் பெண்கள் ஒருவழியாகப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்ததும் வேதா வெளியே பாய்ந்தாள். அத்தை எழுந்து மோர் குடிக்கப் போயிருந்தாள். காசி சின்ன நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, பக்கத்தில் பம்பைக்காரர் தோலை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார். வீடு சாவு வீடு மாதிரியே இல்லை, சத்தமே இல்லை என்று தெருவில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பிரசாத் போன் போட்டு வரவழைத்த ஆட்கள்.

“அண்ணா, அவங்ககிட்டயா கேட்டீங்க?”

“அவங்க செத்தவங்களுக்கு அக்காதானம்மா? தலைய விரிச்சிகினு முன்னாடி உக்காந்து இருந்தாங்க. கேட்டதும் கடகடன்னு எல்லாம் சொல்லிட்டாங்க.”

“அக்கா இல்லண்ணா. எங்கப்பாவோட அக்கா.”

காசியின் பேனா நின்றது. நாத்தனாரிடம் போய்க் குறிப்புக் கேட்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. இந்தத் தொழிலில் செய்யக்கூடாத தப்பு அதுதான் போலிருக்கிறது, தலையில் லேசாக அடித்துக்கொண்டார்.

“அதான் ஒரு மாதிரியா சொன்னாங்க. சரி, நீங்க சொல்லுங்க. நீங்கதான மக? அம்மாவப் பத்தி நாலு விஷயம் சொல்லுங்க, மாத்திடலாம்.”

வேதா வாயைத் திறந்தாள். எங்கம்மா என்றாள். அடுத்து வந்தது, சிறு பிள்ளைகளை விட்டுட்டு என்பது. அது அத்தையுடையது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைத் தேடினாள். முதல் பஸ், மாற்றுத் துணி, கதவு. எங்கே தொட்டாலும் அத்தையின் குரல்தான் கேட்டது. கீரை ஆய்ந்தாள், பித்தான் தைத்தாள் என்று சொன்னால் யார் அழுவார்கள்? மகளாகப் பிறந்து, பதினோரு மாதம் குளிப்பாட்டி விட்டு, தாயைப் பற்றிச் சொந்தமாக நாலு வாக்கியம் தன்னிடம் இல்லையே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

“மெஸ்ல வேல செஞ்சாங்க” என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

காசி அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ சாவு வீடுகளைப் பார்த்தவர். நோட்டை மூடினார்.

“வுடுங்கம்மா. அந்தம்மா சொன்னதே போதும்.”

“ஐயோ, அது வேணாண்ணா! என் தம்பி அங்க உக்காந்துகினு இருக்கறான். அதையே மைக்ல பாடினீங்கன்னா அவன் எழுந்து போயிடுவான். அவன்தான் கொள்ளி வெக்கணும்.”

“ஒண்ணும் ஆவாது. ஒப்பாரி புள்ள வாயால பாடறதும்மா. புள்ள வாயில திட்டு வருமா?”

அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. மறுபடி தடுப்பதற்குள் பம்பை அதிர்ந்தது. தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்து அம்மாவின் பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அத்தை மோர் டம்ளரை வைத்துவிட்டு வந்து, பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தான் சொன்னது ஊருக்கே கேட்கப்போகிற திருப்தி முகத்தில் தெரிந்தது.

“பாலு மறக்கலியே – என்னப் பெத்த தாயே
பச்ச மொகம் மாறலியே
பக்கத்துல தடவிப் பாத்தேன்
பாயி மட்டும் குளுந்திருந்துச்சே…”

அத்தை தலையை ஆட்டினாள். பால் மறக்காத புள்ள, சரியாகத்தான் வந்திருந்தது. வேதா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். கலை போனை நோண்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

“மொத பஸ்சு ஏறுனியே – என்னப் பெத்த தாயே
மூட்ட முடிச்சி எடுக்கலியே
மாத்துத் துணி இல்லாம – உன்ன
மார்கழிதான் வாட்டுச்சோ…”

அத்தையின் தலையாட்டம் நின்றது. மாற்றுத் துணி என்று அவள்தான் சொன்னாள். ஆனால் குளிர் என்று சொல்லவில்லை. மார்கழி மாதம் என்று மட்டும்தான் சொன்னாள். பந்தலில் இருந்த தெருப் பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள். கதையைக் கேட்டு அழுகிறவர்களை அவளுக்குத் தெரியும், முப்பது வருஷப் பழக்கம். ஆனால் இது வேறு பக்கமாக அழுகிற அழுகை. எதிரே கலை போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தான். காசி கண்ணை மூடி, காதைப் பொத்தி, குரலை ஏற்றினார்.

“கதவச் சாத்தலேன்னு – ஊரு
கத கதையாச் சொல்லுதம்மா
சாத்துனா கத்துமின்னு – எம்மா
சத்தத்துல முழிப்பேனின்னு
தெறந்துபோட்டுப் போனியா – நான்
தூங்கட்டும்னு போனியா…”

வேதா பந்தல் காலிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கதவு கத்தும். எப்படி மறந்தோம்? கீல் தேய்ந்து, தரையில் உரசி, சாத்தினால் தெருக்கோடி வரை கேட்கும் கதவு அது. கலைக்கு ஆறு வயதாகும்போது வீட்டை இடித்து மாடி வீடாகக் கட்டினார்கள். புதுக் கதவுக்குச் சத்தமே இல்லை. பழையது விறகாகப் போயிற்று.

“நிறுத்துய்யா!”

கலை தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். நாற்காலி பின்னால் கவிழ்ந்து கிடந்தது. பம்பை பாதி அடியில் நின்றது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பிரசாத் குறுக்கே ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தான். அவன் ஒரே உதறலாக உதறினான்.

“யாருய்யா இதெல்லாம் உனக்குச் சொன்னது? காசு குடுத்தா இன்னா வேணா பாடுவியா?”

காசி பதறவில்லை. மைக்கை மார்போடு பிடித்துக்கொண்டு, மோவாயால் அத்தையைக் காட்டினார். “அந்தம்மாதான் சொன்னாங்க தம்பி. நான் ஒண்ணும் சேக்கல.”

“அடப்பாவி, நான் இப்படியாடா சொன்னேன்?” அத்தை எழுந்தாள். “கலை, நான் சொன்னது வேறடா. நான் எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன். உனக்குத் தெரியாதா?”

“கதவச் சாத்தாம போனான்னுதான சொன்ன?”

“ஆமா. சாத்தாமதான் போனா.”

“அந்தக் கதவு கத்துமா?”

ரோட்டில் கிரிவலக் கூட்டம் போகிற காலடிச் சத்தம் கேட்டது. ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருக்கலாம். அந்தக் கதவை நினைவு வைத்திருக்கிற ஆள் வேறு யாரும் அங்கே இல்லை, வேதாவைத் தவிர. அந்த விடியற்காலையில் வேதா தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் அத்தை இன்று வரை நம்பிக்கொண்டிருந்தாள். ஆனாலும் பாஞ்சாலை அத்தை கூட்டிச் சொல்வாளே தவிர, நடந்ததை இல்லை என்று சொல்கிறவள் இல்லை.

“கத்தும்” என்றாள். “பாழாப்போன கதவு. தெருவே கேக்கும்.”

கலை கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு திரும்பி வேதாவைப் பார்த்தான்.

“நீ அன்னிக்கு முழிச்சிகினு இருந்தியாக்கா?”

முப்பது வருஷத்தில் இதை யாரும் அவளைக் கேட்டதில்லை. அத்தையின் கதையில் பொம்பளைப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, அதனால் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. வேதாவின் வாய்க்குள் அவசரம் அவசரமாக என்னென்னவோ வந்து நின்றது. அம்மா உன்னை முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாள் என்று சொல்லலாம். போர்வையை இழுத்து மூடிவிட்டாள், வாசலில் நின்று அழுதாள் என்று சொல்லலாம். இதில் ஒன்றைச் சொன்னால் போதும், அவன் கொள்ளிச் சட்டியைத் தூக்கிவிடுவான். இல்லை என்று மறுக்க ஆளில்லை. காசி சேர்த்ததைவிட இது ஒன்றும் பெரிய சேர்ப்பு இல்லை. அவள் உள்ளே பார்த்தாள். வாசற்படி வழியாகப் பெட்டியின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. வாய் பேசாமலே இருந்துவிட்டுப் போனவளுக்கு, செத்த அன்றைக்கே இன்னொரு ஆள் கதை கட்டுவதா?

“முழிச்சிகினுதான் இருந்தேன்” என்றாள்.

அவள் சொன்னது தெருமுனையிலிருந்து திரும்பக் கேட்டது. காசி மைக்கை அணைக்கவில்லை. தன் குரல் இப்படித்தான் இருக்குமா என்று ஒரு கணம் திகைத்தாள். அணைக்கச் சொல்லவும் தோன்றவில்லை.

“அம்மா வாசக்கல்லாண்ட நின்னுது. என்னப் பாத்துது. நான் கண்ண மூடிக்கினேன்.”

“ஏன்?”

“தெரியல கலை. எட்டு வயசு. தூங்கறேன்னு நெனச்சிக்கட்டும்னு மூடிக்கினேன். கூப்ட்டிருந்தா நின்னிருக்குமான்னும் தெரியல. நான் கூப்டல. கண்ணத் தெறந்தப்போ இல்ல. கதவு தெறந்திருந்துச்சு. நீ தூங்கிக்கினு இருந்த.”

“அழுதுச்சா?”

“இருட்டா இருந்துச்சுடா. தெரியல.”

அவ்வளவுதான். அவளிடம் இருந்தது அவ்வளவுதான். ஒரு ஒப்பாரிக்குக்கூடப் போதாது. சொல்லி முடித்த பிறகுதான், இத்தனை வருஷம் அத்தையின் கதைக்குள் தான் ஏன் தூங்கிக்கொண்டே இருந்தோம் என்பது அவளுக்குப் புரிந்தது. அங்கே தூங்குவது சௌகரியமாக இருந்தது. கதவைச் சாத்தாதவள் ஒருத்தி இருக்கும்வரை, கண்ணை மூடிக்கொண்டவளை யாரும் கேட்கப்போவதில்லை.

கலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடிக்கப்போகிறானா, வண்டியைத் திருப்பிக்கொண்டு போகப்போகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. பிரசாத் மணியைப் பார்த்தான், கையைக் கீழே விட்டான்.

“தலைக்குத் தண்ணி ஊத்திட்டாங்களா?” என்று கேட்டான் கலை.

“இன்னும் இல்ல.”

அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வேதாவிடம் கொடுத்தான். சட்டையைக் கழற்றிப் பந்தல் கயிற்றில் மாட்டினான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தலையைக் குனிந்து, அன்றைக்கு முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனான். பெட்டி அருகில் இருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று வேதா பார்க்கவில்லை. பிறகு ஒரு பெரிய ஆம்பிளை மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது.

காசி மைக்கை அணைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“கதவு கத்தும்னு உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?” என்று வேதா கேட்டாள்.

“எனக்கு என்னம்மா தெரியும்? கிராமத்து வூட்ல எந்தக் கதவு சும்மா இருக்குது? அதும் இல்லாம, ஒரு பொம்பள ஓடறதுன்னா கதவச் சாத்திட்டுத்தான் ஓடுவா. நேரம் கழிச்சி தெரியட்டும்னு. தெறந்து போட்டுட்டுப் போறான்னா வேற காரணம் இருக்கும்.” அவர் பம்பைக்காரரைப் பார்த்து ஆரம்பிக்கலாமா என்று சைகை செய்தார். “இருக்கும்னு சொல்றேன். இல்லாமலும் இருக்கலாம்.”

பந்தலில் இருந்த எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள். அத்தை மட்டும் நாற்காலி வரிசைக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தாள். விரித்துப் போட்டிருந்த தலைமுடியை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கைக்கு அடங்காமல் அது அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. வேதா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்ப நான் பொய்யாடி சொல்லிக்கினு இருந்தேன் இத்தினி நாளும்?”

“பொய் இல்ல அத்த. கதவு தெறந்து கெடந்தது நடந்ததுதான்.”

“பின்ன ஏண்டி இப்பிடி ஆச்சு?”

அவிழ்ந்து விழுந்த முடியை வேதா எடுத்து அத்தையின் கையில் கொடுத்தாள்.

“காச்சல் வந்தா ராவெல்லாம் அவன மடியில போட்டுக்கினு உக்காந்திருப்பேன்” என்றாள் அத்தை. “அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேப்பான். என்னத்தடி சொல்றது? நல்லவன்னு சொன்னா வாசலையே பாத்துக்கினு கெடப்பான். கெட்டவன்னு சொன்னேன். தூங்கிட்டான்.” கடைசியில் கொண்டையை ஒருவாறு முடிந்துவிட்டாள். “அப்புறம் எனக்கே வாய்க்குப் பழகிடுச்சு.”

இரண்டேகாலுக்குக் கிளப்பினார்கள். மொட்டை அடித்து, மீசையை எடுத்து, நனைந்த வேட்டியோடு கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கலை முன்னால் நடந்தான். மீசை இல்லாமல் வேறு யாரோ போல இருந்தான். பம்பை முன்னே போனது, பூவை இறைத்துக்கொண்டு ஆட்கள் போனார்கள். தெருமுனை வரைதான் பெண்கள் போகலாம். அங்கே எல்லாரும் நின்றுவிட்டார்கள். வேலூர் ரோட்டில் போலீஸ்காரர் விசில் ஊதிக் கிரிவலக் கூட்டத்தை இரண்டு பக்கமும் நிறுத்தினார். வெறுங்காலோடு வந்தவர்கள் கைகூப்பிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள். பாடை ரோட்டைக் கடந்து ஏரிக்கரைப் பாதையில் இறங்கியது. ரோடு மறுபடி மூடிக்கொண்டது.

கூட்டத்திலிருந்து ஒரு பொம்பளை இவர்கள் பக்கம் ஒதுங்கி நின்றாள். தலையில் துணிப்பை, நெற்றி நிறைய விபூதி, எங்கோ வெளியூர். பஸ் நெரிசலில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. நின்றவர்களில் வயதானவள் என்று பார்த்து அத்தையிடம் கேட்டாள்.

“யாரும்மா போறது?”

வேதா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை மூச்சை இழுத்தாள். வாய் தானாகத் திறந்தது. அந்தக் கதை எப்படி ஆரம்பிக்கும், எங்கே நிற்கும், எங்கே குரல் இறங்கும் என்று வேதாவுக்கு அத்துப்படி. கை கூட அந்த இரண்டடி உயரத்தைக் காட்டுவதற்காகக் கொஞ்சம் எழுந்தது. எழுந்த கையை அத்தை நெற்றிக்குக் கொண்டுபோய், வெயிலை மறைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் பார்த்தாள்.

“மணியம்மா” என்றாள். “எங்க கலையோட அம்மா.”

“ஐயோ பாவம். என்ன ஆச்சு?”

“ஒடம்பு முடியல.”

அந்தப் பொம்பளை இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அண்ணாமலையானே என்று முனகிக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்து நடந்தாள். அத்தை முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வீடு கழுவத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டபடி, எல்லாருக்கும் முன்னால் திரும்பி நடந்தாள்.